மூன்றரை டாலர் பஸ்ஸில் பார்படோஸ்: செலவு குறைந்த விடுமுறைக்கு நம்பலாமா?

பார்படோஸ் விலை அதிகமான கரீபியத் தீவு. கடைகளில் விற்கும் உணவுப் பொருள்களில் பெரும்பகுதி கப்பலில் வந்து இறங்குபவை. மதிப்புக் கூட்டு வரி 17.5 சதவீதம். மேற்குக் கரையில் வரிசையாக நிற்கும் ஹோட்டல்களின் அறை வாடகையைப் பார்த்தவுடனே பலர் வேறு தீவைத் தேடப் போய்விடுகிறார்கள். அவசரப்படத் தேவையில்லை. இதே தீவில் எங்கிருந்து எங்கே போனாலும் பஸ் கட்டணம் 3.50 பார்படோஸ் டாலர்தான். அமெரிக்கக் கணக்கில் 1.75 டாலர். கடற்கரைகள் அத்தனையும் பொதுமக்களுக்கானவை. எந்த ஹோட்டலும் வேலி போட்டுத் தடுக்க முடியாது. குழாயில் வரும் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், ஏனென்றால் தீவின் அடியில் இருக்கும் பவழச் சுண்ணாம்புப் பாறை அதை வடிகட்டித் தருகிறது.

இந்தக் கடற்கரைகளை அனுபவிக்க வழி செய்வது பஸ். அதனால்தான் இங்கே ஹோட்டலையோ சுற்றுலா நிறுவனத்தையோ விட்டுவிட்டு, பஸ் சேவையை மதிப்பிடுகிறோம். எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது, எந்த நாளில் எந்தப் பக்கம் போவது என்ற முடிவுகள் எல்லாம் பஸ் போகும் சாலையைப் பார்த்து எடுக்க வேண்டியவை. வாடகை மலிவு என்று சாலையிலிருந்து தள்ளி, மேட்டில் ஒரு வீட்டை எடுப்பவர்கள் அந்த மிச்சத்தை டாக்சிக்குக் கொடுத்துவிடுவார்கள்.

முதலில் காசு. 1975 முதல் 2 பார்படோஸ் டாலர் 1 அமெரிக்க டாலர் என்ற விகிதம் மாறவே இல்லை. கணக்குப் போட வசதி. ஆனால் இரண்டுக்கும் எழுதும் குறி ஒன்றே என்பதால் குழப்பமும் அங்கேயே தொடங்குகிறது. சாலையோரக் கடை, பஸ், சூப்பர் மார்க்கெட் எல்லாம் உள்ளூர் டாலரில் விலை சொல்லும். படகுச் சுற்றுலா, வாடகைக் கார், இணையத்தில் பார்க்கும் அறை ஆகியவை பெரும்பாலும் அமெரிக்க டாலரில். "அறுபது" என்று யாராவது சொன்னால் "பேஜன் டாலரா, யுஎஸ் டாலரா?" என்று கேட்டுவிடுங்கள் (பேஜன் என்றால் பார்படோஸைச் சேர்ந்தது). அங்கே எல்லோரும் கேட்கும் கேள்விதான், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அமெரிக்க நோட்டைக் கடைகளில் வாங்கிக்கொள்வார்கள். மீதி உள்ளூர்க் காசில் வரும்.

பஸ் கட்டணம் 2019-இல் 2 டாலரிலிருந்து 3.50 ஆனது. அந்த ஐம்பது சென்ட்தான் பயணிகளைப் படுத்துகிறது. அரசுப் பஸ்ஸில் மீதி தரமாட்டார்கள். 5 டாலர் நோட்டைப் பெட்டியில் போட்டால் ஒன்றரை டாலர் போனது போனதுதான். எனவே வந்த முதல் நாளே சூப்பர் மார்க்கெட்டில் தண்ணீர்ப் புட்டிக்கோ பழத்துக்கோ ஒரு நோட்டை உடைத்து, ஏழு பக்கம் கொண்ட 1 டாலர் நாணயங்களையும் காற்றாலை படம் போட்ட 25 சென்ட் நாணயங்களையும் தனியாகச் சேர்த்து வையுங்கள். 2 டாலர் நோட்டு ஒன்று, 1 டாலர் நாணயம் ஒன்று, 25 சென்ட் இரண்டு: ஒரு பயணம். இன்னொன்றையும் மறக்காதீர்கள். ஒவ்வொரு முறை ஏறும்போதும் புதுக் கட்டணம். ஒரு பஸ்ஸிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறினால் முதல் கட்டணம் கணக்கில் வராது.

நீலம், மஞ்சள், வெள்ளை

மூன்று வகை வண்டிகள் ஒரே கட்டணத்தில் ஓடுகின்றன. குணம் மட்டும் வேறு வேறு.

நீல உடலில் மஞ்சள் கோடு போட்டது டிரான்ஸ்போர்ட் போர்டு என்ற அரசு நிறுவனத்தின் பெரிய பஸ். 2020 முதல் இதில் மின்சாரப் பஸ்களும் ஓடுகின்றன. சத்தமில்லை, குளிர்சாதனம் இருக்கிறது, பையை வைக்க இடம் இருக்கிறது. தீவின் எல்லாப் பகுதிகளுக்கும் போவது இது ஒன்றுதான். கிழக்குக் கரைக்கும் உள்நாட்டுக் கிராமங்களுக்கும் இதைத்தான் நம்ப வேண்டும். குறை, நேரம். அட்டவணையில் மணிக்கு ஒன்று என்று இருக்கும் தடத்தில் ஒரு பஸ் வராமல் போனால் இரண்டு மணி நேரம் வெயிலில் நிற்க நேரிடும். பள்ளி விடும் பிற்பகல் நேரத்தில் சீருடைப் பிள்ளைகள் நிறைந்து, வழியில் நிற்பவர்களை ஏற்றாமலே போய்விடுவதும் உண்டு.

மஞ்சள் உடலில் நீலக் கோடு போட்டது தனியார் மினிபஸ். கூட்டமுள்ள சாலைகளில், குறிப்பாக மேற்குக் கரையோரம், அடிக்கடி வரும். மீதிக் காசு கொடுப்பார்கள். பாட்டுச் சத்தம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

வெள்ளை உடலில் சிவப்புக் கோடு போட்ட வேனை எல்லோரும் இஸட்-ஆர் என்றுதான் அழைக்கிறார்கள். அதன் நம்பர் பிளேட் அந்த எழுத்துகளில் தொடங்குவதால் வந்த பெயர். தெற்குக் கரையில் தங்குபவர்களுக்கு உயிர்நாடி இதுதான். பிரிட்ஜ்டவுனிலிருந்து ஓய்ஸ்டின்ஸ் வழியாக சில்வர் சாண்ட்ஸ் போகும் 11-ஆம் எண் வேன், பகலில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை வருகிறது. இரவிலும் நெடுநேரம் ஓடுகிறது. ஓட்டுநர்கள் வேகமாகப் போவார்கள், நடத்துநர் உங்களை நெருக்கி உட்காரச் சொல்வார், பாட்டு காதைப் பிளக்கும், முனையத்தில் வண்டி நிறையும்வரை கிளம்பாது. முதுகுப் பிரச்சினை உள்ளவர்கள், கைக்குழந்தையோடு வருபவர்கள், பெரிய பெட்டி வைத்திருப்பவர்கள் இதைத் தவிர்த்து நீலப் பஸ்ஸுக்குக் காத்திருக்கலாம். மற்ற எல்லோருக்கும் 5, 6 கிலோமீட்டர் தூரத்துக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி அந்தத் தீவில் இல்லை. காசை நடத்துநரிடம் கொடுத்தால் போதும், மீதி வரும். இறங்கும் இடம் நெருங்கும்போது "பஸ் ஸ்டாப்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். மெல்லிய குரல் பாட்டில் கரைந்துவிடும். ஏறும்போது "குட் மார்னிங்" சொல்வது அந்த ஊர் வழக்கம். வெளியூர்க்காரர் அதைச் சொல்லி ஏறினால், இறங்க வேண்டிய இடத்தை உள்ளே இருக்கும் நாலு பேர் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

நிறுத்தத்தில் வட்டமான பலகை இருக்கும். தலைநகர் பிரிட்ஜ்டவுனை நோக்கிப் போகும் பக்கத்தில் "டு சிட்டி" என்றும், எதிர்ப்பக்கத்தில் "அவுட் ஆஃப் சிட்டி" என்றும் எழுதியிருக்கும். வடக்கு, தெற்கு என்று யோசிக்கவே வேண்டாம். நகரத்துக்கா, நகரத்தை விட்டா என்பது மட்டும்தான் கேள்வி. போக்குவரத்து இடது பக்கம். வண்டி தானாக நிற்காது, கையை நீட்டிக் காட்ட வேண்டும்.

புதிதாக வருபவர்களைக் குழப்புவது பிரிட்ஜ்டவுன் முனையங்கள். எல்லாப் பஸ்ஸும் ஓரிடத்திலிருந்து கிளம்புவதில்லை. தெற்கு, கிழக்குப் பக்கம் போகிறவை நகரின் கிழக்கு முனையில், ஃபேர்சைல்ட் தெருவையும் கான்ஸ்டிடியூஷன் ஆற்றையும் ஒட்டிய முனையங்களில் நிற்கும். மேற்குக் கரையோரம் ஹோல்டவுன், ஸ்பைட்ஸ்டவுன் போகிறவை நகரின் மறுமுனையில், சீப்சைட் சந்தைப் பக்கமும் பிரின்சஸ் ஆலிஸ் முனையத்திலும் நிற்கும். நடுவே சுமார் 1 கிலோமீட்டர் நடை. அந்த நடையை வீண் என்று நினைக்க வேண்டாம். கேரினேஜ் என்ற பழைய படகுத்துறை, 1870-களில் எழுந்த நாடாளுமன்றக் கட்டடங்கள், பிராட் தெருக் கடைகள் எல்லாம் அந்த வழியில்தான் இருக்கின்றன. பிரிட்ஜ்டவுனின் பழைய பகுதியும் அதன் காரிசன் என்னும் ராணுவக் குடியிருப்பும் 2011 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் உள்ளன. பஸ் மாறும் நேரத்திலேயே அதில் பாதியைப் பார்த்துவிடலாம், கட்டணம் இல்லாமல்.

தெற்கிலிருந்து மேற்குக் கரைக்குப் போக இரண்டு பஸ் வேண்டும் என்பதால் போய்வர ஒருவருக்கு 14 டாலர் ஆகும். இதைப் பாதியாக்க ஒரு வழி உண்டு. நகருக்குள் நுழையாமல் பைபாஸ் நெடுஞ்சாலை வழியாக ஓய்ஸ்டின்ஸுக்கும் ஸ்பைட்ஸ்டவுனுக்கும் இடையே ஓடும் நீலப் பஸ்கள் இருக்கின்றன. எண்ணிக்கை குறைவு, நேரத்தை நிறுத்தத்தில் நிற்பவர்களிடமோ முனையத்திலோ முதல் நாளே விசாரித்துக்கொள்வது நல்லது. கிடைத்தால் காசும் மிச்சம், நகர நெரிசலும் இல்லை.

தங்குமிடம் பஸ்ஸைப் பார்த்து

தெற்குக் கரையில் 7-ஆம் நெடுஞ்சாலையை ஒட்டி ஹேஸ்டிங்ஸ், ராக்லி, வொர்திங், செயின்ட் லாரன்ஸ் கேப், டோவர், மேக்ஸ்வெல், ஓய்ஸ்டின்ஸ் என்று ஊர்கள் வரிசையாக வருகின்றன. சிக்கன விடுமுறைக்கு எங்கள் தேர்வு வொர்திங். கடற்கரை நடை தூரம். சூப்பர் மார்க்கெட் அருகில். இரண்டு திசைக்கும் வேன் வந்துகொண்டே இருக்கும். ராக்லியிலிருந்து ஹேஸ்டிங்ஸ் வரை கடலை ஒட்டிய மர நடைபாதை இருக்கிறது. மாலையில் உள்ளூர்க் குடும்பங்கள் நடக்கும் இடம். கேப் பகுதி இரவுக் கொண்டாட்டத்துக்கானது. தூக்கம் முக்கியம் என்றால் கொஞ்சம் தள்ளி எடுங்கள். ஓய்ஸ்டின்ஸ் அமைதி, மீன் மலிவு, விமான நிலையத்துக்கும் பக்கம். ஆனால் நகரத்துக்குப் போக நேரம் கூடும்.

மேற்குக் கரையில் கடல் ஏரியைப் போல அமைதியாக இருக்கும், வாடகையும் அதற்கேற்ற உயரத்தில் இருக்கும். அங்கேதான் தங்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் ஹோல்டவுனைத் தவிர்த்து ஸ்பைட்ஸ்டவுனில் தேடலாம். அதற்குச் சொந்தமாகப் பஸ் முனையமே இருக்கிறது. ஊரும் பழைய அழகு குறையாதது.

அறை தேடும்போது மூன்று கேள்விகளை எழுதிக் கேட்டுவிடுங்கள். அருகிலுள்ள பஸ் நிறுத்தம் எத்தனை நிமிட நடை, வழியில் மேடு உண்டா? சமையலறையில் அடுப்பு இருக்கிறதா, வெறும் மைக்ரோவேவ்தானா? சொல்லும் வாடகையில் வரி, ஒரு இரவுக்கான அரசுத் தீர்வை, சேவைக் கட்டணம் எல்லாம் சேர்ந்ததா? மூன்றாவதை விட்டுவிடுகிறவர்கள்தான் கடைசி நாள் பில்லைப் பார்த்து அதிர்கிறார்கள். குளிர்சாதனத்துக்குத் தனியாக மின்கட்டணம் வாங்கும் சிறு விடுதிகளும் உண்டு. தெற்குக் கரையில் கடற்காற்று வரும் அறையாக இருந்தால் டிசம்பர் முதல் மார்ச் வரை மின்விசிறியே போதும். மின்சாரம் அங்கே 115 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக் அமெரிக்க மாதிரித் தட்டை முள். போன் சார்ஜர் வேலை செய்யும், 230 வோல்ட் மட்டும் ஏற்கும் கெட்டிலோ இஸ்திரிப் பெட்டியோ சரியாகச் சூடாகாது.

எந்த மாதம் என்பதும் வாடகையில் பாதியைத் தீர்மானிக்கிறது. டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை உச்ச காலம். அதற்கு வெளியே விலை இறங்கும். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். பார்படோஸ் மற்ற தீவுகளின் சங்கிலிக்குக் கிழக்கே தள்ளி இருப்பதால் நேரடி அடி குறைவாகத்தான் விழுகிறது. குறைவு என்றால் இல்லவே இல்லை என்று பொருளல்ல: 2024 ஜூலை தொடக்கத்தில் பெரில் புயல் தெற்கே கடந்து போனபோதே மீன்பிடிப் படகுகள் பெருமளவில் நொறுங்கின. அந்த மாதங்களில் போவதானால் ரத்து செய்யக்கூடிய அறையும் பயணக் காப்பீடும் இல்லாமல் கிளம்ப வேண்டாம். ஏப்ரல் பிற்பகுதி, மே ஆகியவை எங்கள் பார்வையில் மிகச் சரியான காலம்: மழை தொடங்கியிருக்காது, விலை இறங்கியிருக்கும். ஜூலையும் ஆகஸ்ட் முதல் வாரமும் குறைந்த பருவம் என்று நம்பிப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். கிராப் ஓவர் திருவிழா அப்போதுதான் நடக்கிறது, ஆகஸ்ட் முதல் திங்கள்கிழமை அதன் உச்சம். கென்சிங்டன் ஓவலில் பெரிய கிரிக்கெட் ஆட்டம் இருக்கும் வாரங்களிலும் அப்படியே. 2024 ஜூன் 29-இல் இந்தியா டி20 உலகக் கோப்பையை வென்ற அதே மைதானம்தான். சீப்சைட் முனையத்திலிருந்து நடந்தே போகலாம்.

பஸ் கொண்டுபோய் விடும் கடல்

தெற்குக் கரை வேனில் இருந்தபடியே எட்டக்கூடிய கடற்கரைகள்: ராக்லியில் அக்ரா, வொர்திங்கில் சாண்டி பீச், டோவர், ஓய்ஸ்டின்ஸைத் தாண்டி மயாமி பீச். சாண்டி பீச்சில் பவழத்திட்டு அலையைத் தடுப்பதால் சிறு பிள்ளைகளுக்கு ஏற்றது. அக்ராவில் அலை கொஞ்சம் இழுக்கும், ஆனால் உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள்.

மிகுந்த பயன் தரும் இடம் கார்லைல் பே. நகரத்துக்குச் சற்று முன்பே, காரிசனை ஒட்டி இறங்கி நடந்தால் பெபிள்ஸ் பீச், பிரவுன்ஸ் பீச் இரண்டும் சேர்ந்த நீண்ட வளைவு. கரையிலிருந்து நீந்திப் போகும் தூரத்தில், குறைந்த ஆழத்தில் மூழ்கிய கப்பல்கள் கிடக்கின்றன. அவற்றில் பெர்வின் என்ற இழுவைப் படகு 1919-இல் மூழ்கியது. படகுச் சுற்றுலாக்கள் ஆமையையும் கப்பலையும் காட்ட வருவது இந்த இடத்துக்கே. சொந்த நீந்தற்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் இருந்தால் அந்தக் கட்டணம் மிச்சம். ஆனால் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் மட்டும், இருவராக, காலையில் போங்கள். பத்து மணிக்கு மேல் படகுப் போக்குவரத்து கூடும். பளிச்சென்ற நிறத்தில் மிதவையோ சட்டையோ இல்லாமல் நடுவில் நீந்துவது ஆபத்து. ஆமையைத் தொடக்கூடாது, தீனி போடக்கூடாது. சாய்வு நாற்காலியும் குடையும் வாடகைக்கு உண்டு, வேண்டுமென்று கட்டாயமில்லை. துண்டை விரித்து மர நிழலில் உட்காரலாம்.

மரம் என்றதும் ஓர் எச்சரிக்கை. கடற்கரைகளில் மான்சினீல் என்ற மரம் வளர்கிறது. சிறு பச்சை ஆப்பிள் போன்ற பழம், விஷம். பால் பட்டால் தோல் வெந்துபோகும். மழையில் அதன் கீழ் ஒதுங்கினால் இலையிலிருந்து சொட்டும் நீரே கொப்புளம் போடும். பல மரங்களில் சிவப்புப் பட்டையோ எச்சரிக்கைப் பலகையோ இருக்கும். எல்லாவற்றிலும் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

மேற்குக் கரையில் பேய்ன்ஸ் பே, ஃபோக்ஸ்டோன், முல்லின்ஸ் ஆகியவை 1-ஆம் நெடுஞ்சாலைப் பஸ் நிற்கும் இடங்களிலேயே இருக்கின்றன. ஹோட்டல்களுக்கும் மாளிகைகளுக்கும் நடுவே ஒடுக்கமான பொதுவழிகள் இருக்கும். தயங்காமல் நுழையுங்கள், அது உங்கள் உரிமை.

கிழக்குக் கரை வேறு உலகம். பாத்ஷீபாவுக்கு பிரிட்ஜ்டவுனிலிருந்து நீலப் பஸ், ஏறத்தாழ மணிக்கு ஒன்று. கரும்புக் காடுகளையும் மேடுகளையும் கடந்து அட்லாண்டிக் கடல் கண்ணில் படும் அந்த இறக்கத்துக்காகவே மூன்றரை டாலர் கொடுக்கலாம். அங்கே கடலில் நீந்தாதீர்கள். நீரோட்டம் பலமானது, சர்ஃபிங் வீரர்களுக்கே அது சவால். பாறைகளுக்கு நடுவே தேங்கும் குளங்களில், அலை இறங்கிய நேரத்தில் உட்கார்ந்து குளிக்கலாம். 1881 முதல் 1937 வரை ஓடிய ரயிலின் பழைய தடம் கரையோரம் இருக்கிறது; பாத்ஷீபாவிலிருந்து மார்ட்டின்ஸ் பே பக்கமாக நடக்க நல்ல பாதை. வசந்தத்திலும் கோடையிலும் சர்காசம் என்னும் கடற்பாசி கிழக்கு, தென்கிழக்குக் கரைகளில் குவிந்து அழுகி நாறும். அந்த வாரங்களில் மேற்குக் கரைக்குத் திட்டத்தை மாற்றிக்கொள்ளுங்கள்; பாசி அங்கே பெரும்பாலும் எட்டுவதில்லை.

பாத்ஷீபா பயணத்தைக் கெடுப்பது திரும்பும் பஸ். போய் இறங்கியதும் ஓட்டுநரிடமே அடுத்தடுத்த பஸ்களின் நேரத்தைக் கேளுங்கள். கடைசிப் பஸ்ஸை இலக்காக வைக்காமல் அதற்கு முந்தியதை இலக்காக வையுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறையும் இந்தத் தடத்துக்கு உகந்த நாட்கள் அல்ல. ஞாயிறு என்றால் தெற்குக் கரை வேன்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஹாரிசன்ஸ் குகைக்கும் நீலப் பஸ் உண்டு. சோரி வில்லேஜ் என்று பலகை போட்டது. குகைக்குள் டிராம் வண்டியில் போகும் சுற்றுக்குக் கட்டணம் அதிகம். முன்பதிவு செய்த நேரத்துக்கும் பஸ் வரும் நேரத்துக்கும் இடையே ஒன்றரை மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

பஸ்ஸால் முடியாத பகுதி வடக்கு. மார்கன் லூயிஸ் காற்றாலை, செர்ரி ட்ரீ மேடு, செயின்ட் நிக்கோலஸ் ஆபி, தீவின் வட முனையிலுள்ள அனிமல் ஃபிளவர் குகை ஆகியவற்றை ஒரே நாளில் பஸ்ஸில் கோப்பது நடக்காது. இருவர் ஒரு நாளைக்கு நாலு முறை ஏறினால் 28 டாலர், நால்வருக்கு 56. இந்தத் தொகைக்கு வாடகைக் கார் கிடைக்காது. ஆனாலும் நால்வராகப் போகிறவர்கள் ஒரே ஒரு நாள் கார் எடுத்து வடக்கையும் கிழக்கையும் சேர்த்து முடிப்பது நியாயமான செலவு. அதற்குப் பார்படோஸின் தற்காலிக ஓட்டுநர் அனுமதி வேண்டும். கார் நிறுவனமே வாங்கித் தரும். உள்ளூர்ச் சாலைகள் ஒடுக்கமானவை, கரும்பு வளர்ந்த காலத்தில் திருப்பங்கள் கண்ணுக்குத் தெரியாது.

சாப்பாடு

உணவகத்தில் இரண்டு வேளை உட்கார்ந்தால் சிக்கனம் முடிந்தது. காலையில் "பிரெட் அண்ட் டூ" கேளுங்கள்: உப்பு ரொட்டி ஒன்றின் நடுவே இரண்டு மீன் வடை. நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே வேனிலோ சிறு கடையிலோ விற்பார்கள். அதே ரொட்டியில் வறுத்த மீனோ சீஸோ வைத்தால் அது கட்டர். பெபிள்ஸ் பீச் பக்கம் மீன் கட்டருக்கு வரிசை நிற்கும். நிற்கத் தகுந்த வரிசை.

மதியத்துக்கு மாஸி சூப்பர் மார்க்கெட்டின் சூடான உணவுப் பகுதி நல்ல பேரம். மேக்கரோனி பை, அரிசியும் பயறும், கோழி என்று அளவு சொல்லி வாங்கலாம். ஒரு பெட்டி இருவருக்குக் கூடப் போதும். சைவம் சாப்பிடுபவர்களுக்கு 1972 முதல் இயங்கும் செஃபெட் கடைகளில் உருளைக்கிழங்கு ரொட்டி உண்டு. மக்காச்சோள மாவும் வெண்டைக்காயும் சேர்த்துக் கிளறும் கூ-கூ சைவம்தான், ஆனால் மேலே ஊற்றும் குழம்பில் பறக்கும் மீன் இருக்கும். தனியாகக் கேட்டு வாங்குங்கள். சமையல் செய்வதானால் சனிக்கிழமை காலை சீப்சைட் சந்தையில் சர்க்கரைவள்ளி, சீமைப்பலா, வாழைக்காய், வெண்டை எல்லாம் கிடைக்கும். இறக்குமதிப் பாலாடைக் கட்டி, தானிய உணவு, திராட்சை போன்றவற்றின் விலை மிரட்டும். வழக்கமாகச் சாப்பிடும் மருந்து, சன்ஸ்கிரீன், கொசு விரட்டி ஆகியவற்றை ஊரிலிருந்தே கொண்டுபோங்கள்.

வெள்ளி இரவு ஓய்ஸ்டின்ஸ் மீன் விருந்து புகழ் பெற்றது. நெருப்பில் சுட்ட மீன் ஒரு தட்டு பெரும்பாலும் 40 டாலருக்கு மேல் போகும், அளவு பெரிது. பலகையில் "டால்ஃபின்" என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம். அது மாஹி-மாஹி மீன். வெள்ளியன்று கூட்டத்துக்கும் பாட்டுக்கும் போங்கள். சாப்பாட்டுக்கு மட்டும் என்றால் வேறு நாளில் போனால் அதே அடுப்பு, அதே மீன், காத்திருப்பு இல்லை. வெள்ளி இரவு திரும்பும் வேன்களில் நெரிசல் கடுமையாக இருக்கும். கிடைக்காவிட்டால் டாக்சி, மீட்டர் கிடையாது, தூரத்துக்கேற்ற நிர்ணயக் கட்டணம். ஏறும் முன் தொகையையும் எந்த டாலர் என்பதையும் பேசி முடித்துவிடுங்கள்.

வருவதும் போவதும்

அமெரிக்கா வழியாக விமானம் மாறினால், அந்நாட்டுக்கு விசா தேவைப்படும் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு இறங்கி ஏறுவதற்குக் கூட விசா வேண்டும். மலிவு டிக்கெட் வாங்கும் முன் இதைப் பாருங்கள். பார்படோஸ் அரசின் இணைய வருகைப் படிவம் இலவசம். அதற்குக் காசு கேட்கும் தளம் எதுவானாலும் அரசுடையது அல்ல. ராணுவ உடை போன்ற பச்சைத் திட்டு வடிவத் துணி, குழந்தைகளுக்குக் கூட, சட்டப்படி தடை. பெட்டியில் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

கிராண்ட்லி ஆடம்ஸ் விமான நிலைய வாசலிலிருந்து சிறிது நடந்தால் சாலையோரம் பஸ் நிறுத்தம். பகலில், கைப்பையும் ஒரு நடுத்தரப் பெட்டியும் மட்டும் இருந்தால் "டு சிட்டி" பக்கம் நின்று நீலப் பஸ்ஸில் ஏறலாம். ஓய்ஸ்டின்ஸ் வழியாகக் கரையோரம் போகிறதா என்று ஏறும் முன் கேளுங்கள், ஏனென்றால் சில பஸ்கள் பைபாஸ் வழியாகத் திரும்பிவிடும். கையில் சில்லறை இருக்காது என்பதுதான் முதல் நாளின் சிக்கல். நிலையத்துக்குள் ஏதாவது வாங்கி நோட்டை உடைத்துக்கொண்டு வெளியே வாருங்கள். இரவு இறங்கினால் பஸ்ஸை மறந்துவிடுங்கள். நிலையத்தில் டாக்சிக் கட்டணப் பட்டியல் வைத்திருப்பார்கள், அதைப் பார்த்து ஏறுங்கள்.

திரும்பும் நாளுக்கும் அதே விதி. பிற்பகல் விமானம் என்றால், இரண்டு பஸ் தவறினாலும் சமாளிக்கும் அளவு முன்னதாகக் கிளம்பி பஸ்ஸிலேயே போகலாம். விடிகாலை விமானம் என்றால் முந்தின நாள் மாலையே விடுதிக்காரரிடம் சொல்லி டாக்சி பேசிவையுங்கள். தீவை விட்டு வெளியே வந்தால் பார்படோஸ் நோட்டை மாற்றித் தரும் இடங்கள் அரிது. கையில் மிஞ்சியதை டாக்சிக் கட்டணத்தில் கழித்துவிடலாம்.